சிவப்பு எழுத்தில் வந்த 1:180

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு ஒரே விஷயத்தைப் பற்றியவை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குமோ என்று பார்க்கும் பரிசோதனைகள். செல்லில் 21-ம் எண் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் குழந்தையின் வளர்ச்சியும் படிப்பும் மெதுவாக வரும் நிலைதான் டவுன் சிண்ட்ரோம். திருநெல்வேலியில் 31 வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன். இந்த ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுத முகத்தோடு வருகிறவர்களை வாரம் ஒருவரையாவது பார்த்துவிடுகிறேன். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 27 வயது, முதல் குழந்தை, 12 வாரம் முடிந்திருக்கிறது. டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போனுக்கு வந்தது. ‘டவுன் சிண்ட்ரோம் 1:180, ஹை ரிஸ்க்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். நாத்தனார் ‘இப்பவே கலைச்சிடு, நாள் தள்ளினா கஷ்டம்’ என்கிறார். என் குழந்தைக்குக் குறை இருக்கிறதா டாக்டர்?
— பெயர் வேண்டாம், கோவில்பட்டி

அம்மா, உங்கள் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே உங்களோடு போனில் பேசிவிட்டேன். பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. உங்கள் அனுமதியோடு மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

என் மேஜையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அதில் 250 புளியங்கொட்டைகள். ஒன்றே ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு தடவி வைத்திருக்கிறேன். உங்களைப் போல ரிப்போர்ட்டோடு வருகிறவர்களிடம், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொட்டை எடுங்கள் என்பேன். எடுத்துப் பார்ப்பார்கள், கறுப்பு. திரும்பப் போட்டுக் குலுக்கி இன்னொரு முறை. கறுப்பு. நாலு முறை, ஐந்து முறை எடுத்த பிறகு அவர்கள் தோள் கொஞ்சம் இறங்கும். பாட்டிலிலிருந்து 70 கறுப்புக் கொட்டைகளை வெளியே வைத்துவிட்டால் மீதி 180. அதுதான் உங்கள் எண். உங்களுடையதைப் போலவே ரிப்போர்ட் வந்த 180 தாய்மார்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தால், 179 பேர் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. ஒருவர் வயிற்றில் இருக்கும்.

அப்படியானால் ஏன் சிவப்பு எழுத்து? பல லேப்களில் 1:250 என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 250 அல்லது அதற்குக் கீழே வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே சிவப்பில் அடித்துவிடும். 1:255 வந்தவருக்குப் பச்சை எழுத்து. இரண்டு பேருக்கும் உண்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. 100 பேருக்கு இந்தப் பரிசோதனை செய்தால் ஏறக்குறைய 5 பேருக்கு ‘ஹை ரிஸ்க்’ என்றுதான் வரும், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. இது சல்லடை. யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். நோய் இருக்கிறது, இல்லை என்று இது சொல்லாது.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நகலில் இரண்டாவது பக்கத்தில் ‘என்.டி.’ என்ற கட்டத்தில் வெறும் கோடு இருந்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். என்.டி. என்பது 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கும் ஸ்கேனில், குழந்தையின் பிடரிக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் நீரின் அளவு. அப்போது குழந்தை தலையிலிருந்து பிட்டம் வரை 45 முதல் 84 மில்லிமீட்டர் நீளம்தான், கிட்டத்தட்ட ஒரு கட்டைவிரல். அந்தப் பிடரியின் அளவை மில்லிமீட்டரில் புள்ளி வைத்து எடுக்க வேண்டும். கூடவே மூக்கெலும்பு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். இந்த அளவு, தாயின் வயது, ரத்தத்தில் பாப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு பொருள்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரைக் கண்டுகொள்ளலாம். ஸ்கேனை விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பத்தில் ஆறோ ஏழோதான். உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை. ரத்தம் எடுத்தவர் ஸ்கேன் விவரத்தைக் கேட்கவில்லை, உங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கர்ப்ப வாரத்தை உங்கள் மாதவிலக்குத் தேதியை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். உங்களுக்கு மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃப்ரீ பீட்டா எச்.சி.ஜி. இந்த வாரங்களில் நாளுக்கு நாள் இறங்கும், பாப்-ஏ ஏறும். பத்து நாள் கணக்குப் பிசகினால், சரியாக இருக்கும் ரத்தம்கூட மோசமாகத் தெரியும். உடல் எடை தப்பாக எழுதியிருந்தாலும், இரட்டைக் குழந்தையை ஒன்று என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். ரிப்போர்ட் கையில் வந்ததும் முடிவைப் பார்க்கும் முன்பு மேலே இருக்கும் வயது, எடை, தேதி, ஸ்கேன் அளவு நான்கையும் சரிபாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

நான் சொன்னபடி நீங்கள் அந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்தீர்கள். என்.டி. 1.5 மில்லிமீட்டர், மூக்கெலும்பு தெரிந்தது, ஸ்கேன்படி வாரமும் குறைந்தது. எல்லாவற்றையும் சேர்த்து அதே ரத்தத்துக்கு மறுபடி கணக்குப் போட்டதில் 1:1,400 என்று வந்தது. நல்ல எண் வரும்வரை மாற்றி மாற்றி டெஸ்ட் எடுப்பது அல்ல நாம் செய்தது. விட்டுப்போன அளவுகளைச் சேர்த்தோம். இதுவும் ‘குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லவே இல்லை’ என்ற உத்தரவாதம் கிடையாது. இன்னும் தெளிவு வேண்டுமென்றால் அடுத்த கடிதத்தில் வரும் என்.ஐ.பி.டி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வேண்டாம், இது போதும் என்று நீங்களும் உங்கள் கணவரும் முடிவெடுத்தீர்கள். அது சரியான முடிவு. எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தாலும் சரியான முடிவுதான்.

நாத்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த எண்ணை மட்டும் வைத்துக் கர்ப்பத்தைக் கலைப்பது என்றால், 180 பேரில் 179 நல்ல குழந்தைகளைக் கலைப்பதற்குச் சமம். எந்த மருத்துவரும் அதற்குச் சம்மதிக்கக் கூடாது.

மனைவிக்கு 31 வயது. டாக்டர் என்.ஐ.பி.டி. எடுக்கச் சொன்னார். பத்தாயிரத்துக்கு மேல் செலவு. ‘டவுன் சிண்ட்ரோம் பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டது. 99 சதவீதம் சரியாக இருக்கும் என்று லேப்பில் சொன்னார்கள். நான் மஸ்கட்டில் இருக்கிறேன், லீவு 10 நாள்தான். அதற்குள் முடித்துவிடலாமா?
— ஒரு வாசகர், தென்காசி

தம்பி, அவசரப்படாதீர்கள். அந்த 99 சதவீதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் முடிவெடுத்தால் பிறகு வருத்தம் தீராது.

தாயின் ரத்தத்தில் குழந்தை பக்கத்து டி.என்.ஏ. துணுக்குகளும் மிதக்கின்றன என்பதை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெனிஸ் லோ 1997-ல் கண்டுபிடித்து எழுதினார். 2011-லிருந்து அது டவுன் சிண்ட்ரோமுக்கான பரிசோதனையாக நடைமுறைக்கு வந்தது. 10 வாரம் முடிந்ததும் தாயின் கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 குழந்தைகளில் 99 பேரை அது பிடித்துவிடும். லேப்பில் சொன்ன 99 இதுதான். ‘பாசிட்டிவ் வந்தவர்களில் 99 பேருக்கு உண்மையில் இருக்கும்’ என்பது வேறு கணக்கு. அதை அவர்கள் சொல்லவில்லை.

அந்தக் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். 25 வயதுப் பெண்கள் ஒரு லட்சம் பேர். ஆயிரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் 100 பேர் வயிற்றில் டவுன் சிண்ட்ரோம் குழந்தை. டெஸ்ட் 99 பேரைப் பிடிக்கிறது. மீதி 99,900 பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டினால் அதுவும் 100 பேர். ஆக, பாசிட்டிவ் வந்த 199 பேரில் பாதிப் பேருக்குக் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது! அதே டெஸ்ட்டை 40 வயதைத் தாண்டியவர்களுக்குச் செய்தால் பாசிட்டிவ் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அந்த வயதில் இந்தக் குழந்தைகள் அதிகம் என்பதால். உங்கள் மனைவிக்கு 31. ஸ்கேனில் எதுவும் சந்தேகமாகத் தெரிந்ததா, அதற்கு முன் டபுள் மார்க்கர் என்ன சொன்னது என்பதைப் பொறுத்து இந்தப் பாசிட்டிவின் கனம் மாறும்.

தவறு எங்கிருந்து வருகிறது என்றால், அந்த டி.என்.ஏ. வருவது குழந்தையிடமிருந்து அல்ல, நஞ்சுக்கொடியிலிருந்து. சில சமயம் நஞ்சுக்கொடியில் மட்டும் கூடுதல் குரோமோசோம் இருக்கும், குழந்தை சரியாக இருக்கும். கூடவே பிறக்க இருந்த இரட்டை ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோயிருந்தால் அதன் டி.என்.ஏ.வும் குழப்பும். அதனால்தான் இதுவும் சல்லடைதான், மிக மெல்லிய கண் வைத்த சல்லடை. உறுதி செய்ய பனிக்குட நீர்ப் பரிசோதனை வேண்டும். அதைச் செய்யாமல் என்.ஐ.பி.டி. ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாரும் கர்ப்பத்தைக் கலைக்கக் கூடாது.

உங்கள் லீவுக்காக இது காத்திருக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்குத் துணையாக அவருடைய அம்மா போகலாம், அக்கா போகலாம். நீங்கள் போனில் கூடவே இருங்கள். அப்புறம், சட்டப்படி 18 வயது முடிந்த பெண்ணின் கர்ப்பத்தைப் பற்றிய முடிவுக்கு அவர் சம்மதம் ஒன்றே போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. ‘முடித்துவிடலாமா’ என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். மனைவி என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இன்று இரவு போனில் அதைக் கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் இந்த டெஸ்ட் தேவையில்லை. முதலில் ஸ்கேனும் டபுள் மார்க்கரும். எண் நடுவாந்திரமாக, 1:250-க்கும் 1:1,000-க்கும் இடையில் வந்தால் என்.ஐ.பி.டி. எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. என்.டி. 3.5 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் இதற்குச் செலவழிக்காமல் நேராக உறுதிப் பரிசோதனைக்கே போங்கள் என்பேன். அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்த டெஸ்ட்டில் சிக்காத வேறு கோளாறுகளும் இருக்கலாம்.

சிலர் இதில் ஆணா பெண்ணா தெரியுமே என்று கண்சிமிட்டுவார்கள். 1994-ம் வருடச் சட்டப்படி அதைக் கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

பனிக்குட நீர் எடுக்க நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி குழந்தை மேல் குத்திவிடாதா? கலைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
— 36 வயது வாசகி, தூத்துக்குடி

எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன், பயம் பாதி குறையும். உங்களைப் படுக்க வைத்து ஸ்கேன் செய்து குழந்தை எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, எங்கே நீர் அதிகம் என்று பார்ப்போம். வயிற்றை மருந்து போட்டுத் துடைப்போம், குளிரும். திரையைப் பார்த்துக்கொண்டேதான் ஊசி உள்ளே போகும். அது நீளமாக இருக்கும், ஆனால் மெல்லியது. முனை திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். குழந்தை அந்தப் பக்கம் நகர்ந்தால் நிறுத்துவோம். முதலில் வரும் ஒன்றிரண்டு மில்லியை ஒதுக்கிவிடுவோம், அதில் உங்கள் தோல் செல்கள் கலந்திருக்கலாம் என்பதால். பிறகு 15 முதல் 20 மில்லி. வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம்தான். முடிந்ததும் குழந்தையின் இதயத்துடிப்பைத் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்காமலே காட்டுவேன். அந்த நேரத்தில் தாய்க்கு வேறெதுவும் வேண்டியிருக்காது.

கலைந்துபோகும் வாய்ப்பு உண்டு, மறைக்க மாட்டேன். பழக்கமான கையில் 200 பேருக்கு ஒருவருக்கும் குறைவு. 15 வாரம் முடிந்த பிறகுதான் இதைச் செய்வோம், அதற்கு முன் செய்தால் குழந்தைக்கு நல்லதல்ல. 11 வாரத்துக்குப் பிறகே முடிவு வேண்டுமென்றால் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கு எடுக்கும் சி.வி.எஸ். இருக்கிறது. உங்களுக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்பதை அங்கே ஞாபகப்படுத்துங்கள். அன்றும் மறுநாளும் குடம் தூக்காமல் ஓய்வாக இருங்கள். வேகப் பரிசோதனை முடிவு சில நாட்களில் வரும், செல்களை வளர்த்துப் பார்க்கும் முழு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம்.

இந்தக் கர்ப்ப வாரங்களின் கணக்குக்காகத்தான் நான் எல்லோரையும் மூன்றாம் மாதமே வரச் சொல்கிறேன். சிலர் ஐந்தாம் மாதம் வளையல் போட்ட பிறகு வருவார்கள். 17-வது வாரத்தில் ரத்தத்தில் நான்கு பொருள்களைப் பார்க்கும் குவாட்ருபிள் டெஸ்ட் எடுத்து, அது பத்தில் எட்டுப் பேரைத்தான் பிடிக்கும், முடிவு வந்து, பனிக்குட நீர் எடுத்து, அந்த முடிவும் வருவதற்குள் 20 வாரம் தாண்டிவிடும். 2021-ல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும், குழந்தைக்குக் கடுமையான குறை என்றால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் கருத்து வேண்டும், அதற்கு மேல் மெடிக்கல் போர்டு. என்ன முடிவு எடுத்தாலும் அதை யோசிக்கத் தாய்க்கு நாள் வேண்டுமே.

என் மகன் என் நாத்தனார் மகளைக் கட்டியிருக்கிறான். பேத்திக்கு டவுன் சிண்ட்ரோம். சொந்தத்தில் கட்டியதால்தானா? கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று மருமகள் வெளியே வந்தாள் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள்.
— 58 வயது வாசகி, விருதுநகர்

அக்கா, இரண்டுமே காரணம் இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் வேறு சில பரம்பரை நோய்கள் கூடும், அதனால் அதை நான் ஊக்குவிப்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் அந்தக் கணக்கில் வராது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள். இந்தக் குழந்தைகளுக்கு 21-ம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. இதை 1959-ல் பாரிஸில் ஜெரோம் லெஜ்யூன் குழுவினர் வெளியிட்டார்கள். பெரும்பாலும் கருமுட்டை பிரியும்போது நடக்கும் பிசகு அது. பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. உங்கள் மருமகளின் முட்டைக்கும் அவர் வயதுதான். வயது ஏற ஏறப் பிரிவதில் பிசகு கூடும், 25 வயதில் ஏறக்குறைய 1,250-க்கு ஒன்று, 35-ல் 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று. ஆனால் 25 வயதில்தான் நிறையப் பேர் பிள்ளை பெறுகிறார்கள், அதனால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரைப் பெற்றவர்கள் இளம் தாய்மார்களே. மருமகள் எதையும் தின்று, எங்கேயும் போய், எதையும் பார்த்து இது வரவில்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். பேத்தியின் குரோமோசோம் ரிப்போர்ட்டில் ‘டிரான்ஸ்லொகேஷன்’, அதாவது ஒரு குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருப்பது, என்ற சொல் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு அப்படி இருக்கும். இருந்தால் தாய் தகப்பன் இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும், அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு கூடலாம். சாதாரண வகை என்றால் மறுபடி வரும் வாய்ப்பு 100-க்கு ஒன்றைப் போல.

என் மகனுக்கு ஒன்பது வயது. டவுன் சிண்ட்ரோம். உங்கள் பகுதியில் இந்த டெஸ்ட்டைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். நீங்கள் எல்லோரும் என் பிள்ளை மாதிரிக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து இல்லாமல் ஆக்கத்தானே இந்த ஏற்பாடு? எனக்கு ஸ்கேன் ரூமில் நின்றபடியே ‘மங்கோல் பேபி, வேண்டாம்னா சொல்லுங்க’ என்றார் ஒரு டாக்டர். நான் இன்னும் வயிற்றில் இருந்த ஜெல்லைக்கூடத் துடைக்கவில்லை.
— ஒரு தாய், நாகர்கோவில்

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் சொன்ன அந்த டாக்டர் நானாகவும் இருந்திருக்கலாம். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் அதே மாதிரி நின்றுகொண்டே நானும் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு வந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஒரு பெண்ணிடம் கதவருகில் நின்று, ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, ‘பாசிட்டிவ்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, எடுத்துடலாம்’ என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ரிப்போர்ட்டை நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வரவே இல்லை. அவர் என்ன முடிவெடுத்தார், குழந்தை பிறந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மஞ்சள் பை எனக்கு மறக்கவில்லை.

‘எடுத்துடலாம்’ என்று நான் சொன்னது மருத்துவம் இல்லை. அவருடைய முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அந்த ‘மங்கோல்’ என்ற சொல்லையும் என் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 1866-ல் ஜான் லாங்டன் டவுன் முதலில் எழுதியபோது வைத்த பெயர். மங்கோலிய நாட்டுக்காரர்கள் ஆட்சேபித்து, உலக சுகாதார நிறுவனமே 1965-ல் கைவிட்ட சொல். நம் ஸ்கேன் ரூம்களில் அது இன்னும் ஒலிக்கிறது என்பது வெட்கம்.

இப்போது என்ன செய்கிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ரத்தம் எடுப்பதற்கு முன்பே உட்கார வைத்துக் கேட்கிறேன், ‘இந்த டெஸ்ட்டில் இப்படி வந்தால் உங்களுக்கு அது தெரிய வேண்டுமா?’ என்று. வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். பாசிட்டிவ் வந்தால் அன்றைய கடைசி ஆளாக வரச் சொல்வேன். பேச்சில் ‘ஆபத்து’ என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்கிறேன், ‘வாய்ப்பு’ என்கிறேன். என்ன என்ன இருக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் குறை இருக்கும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் சரியாகும். தைராய்டு பார்க்க வேண்டும், காது கண் பார்க்க வேண்டும். நடக்க, பேசத் தாமதமாகும். படிப்பு மெதுவாக வரும், எவ்வளவு வரும் என்று பிறக்கும் முன் யாராலும் சொல்ல முடியாது, எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அமெரிக்காவில் 1980-களில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான், இப்போது 60-ஐத் தொட்டுவிட்டது. மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பகாலப் பயிற்சி மையம் இருக்கிறது என்றும், சென்னையில் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது என்றும் சொல்கிறேன். பிறகு, விருப்பப்பட்டால் பேச, இந்தக் குழந்தையை வளர்க்கும் மூன்று குடும்பங்களின் போன் எண் தருகிறேன். அந்தக் குடும்பங்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அவர்கள் பத்து நிமிடம் பேசுவது மேல்.

அப்படிப் பேசிய ஒரு பெண் 17-வது வாரத்தில் எல்லாம் தெரிந்தே பெற்றுக்கொள்கிறேன் என்றார். குழந்தைக்கு இதயத்தின் நடுச்சுவரில் பெரிய ஓட்டை இருப்பதை ஸ்கேனில் பார்த்துவிட்டோம். அதனால் இதய அறுவை சிகிச்சை வசதி உள்ள ஊரில் பிரசவம் வைத்தோம், பிறந்த ஐந்தாம் மாதம் ஆபரேஷன். அந்தப் பையன் இப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவோடு என் கிளினிக்குக்கு வந்தால் நேராக நர்ஸ் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். அவர் டோக்கன் நம்பரைக் காதில் சொல்வார், இவன் கூடத்துக்குக் கேட்கும்படி கத்துவான். ‘பதினாலு!’ என்ற அந்தச் சத்தம் என் அறைக்குள் வரும். 14 எழுந்து வரும்வரை விடமாட்டான். பிறக்கும் முன்பே தெரிந்திருந்ததால்தான் அவன் இதயத்துக்கு நேரத்தோடு வழி செய்ய முடிந்தது. நான் இந்தப் பரிசோதனையை இன்னும் செய்வதற்கு அவனும் ஒரு காரணம்.

அதே போன் எண்களை வாங்கிப் பேசிவிட்டு, எங்களால் முடியாது டாக்டர் என்று 18 வாரத்தில் கர்ப்பத்தை முடித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையையும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவருக்கு வீட்டில் ஏற்கெனவே படுக்கையில் ஒரு பிள்ளை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு அன்று அந்த அறையில் நடந்தது தவறு. அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய ஒருத்தியாக நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் உங்கள் எண்ணையும் என் நோட்டில் எழுதிக்கொள்ள ஆசை. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் கொடுக்க இதுவரை என்னிடம் யாரும் இல்லை.

எந்தக் குழந்தையானாலும் பெற்றுக்கொள்வோம் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். டபுள் மார்க்கர் வேண்டாம் என்றதற்கு டாக்டர் கோபப்பட்டு, ‘பின்னால என்மேல பழி போடாதீங்க’ என்று கையெழுத்து வாங்கினார். நான் செய்தது தப்பா?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

தப்பே இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை. எடுப்பதும் விடுவதும் உங்கள் உரிமை. கையெழுத்து வாங்கியதில் குற்றம் இல்லை, பிறகு யாராவது கேட்டால் சொல்லியாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. கோபம் தேவையில்லை. அவர் பக்கத்துப் பயத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள், சொல்லவில்லை என்று வழக்குக்குப் போனவர்களைப் பற்றி நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

ரத்தப் பரிசோதனை வேண்டாமென்றாலும் ஐந்தாம் மாத ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். இதயத்தின் நான்கு அறைகள், வயிறு, குடல், முதுகுத்தண்டு, சிறுநீரகம் எல்லாவற்றையும் அதில் பார்ப்பார்கள். குழந்தைக்கு என்ன இருந்தாலும் பெற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் அது இன்னும் முக்கியம், எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் வைப்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். போகும்போது, டபுள் மார்க்கர் எடுக்கவில்லை என்று ஸ்கேன் செய்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு இப்போது 14 வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் தேதி வாங்கி வையுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தால் கூட்டம் சேர்வதற்குள் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம், சாப்பிட்டுவிட்டே வாருங்கள், வெறும் வயிற்றில் இருக்க வேண்டியதில்லை.